ஈஸ்ட் சொன்னதும் புட்டியில் ஒட்டியதும்

ரொட்டி மாவை உப்ப வைக்கும் ஈஸ்டுக்கும் கிழப்பருவம் உண்டு. கள்ளில் நுரைத்துப் பொங்குவதும் அதே உயிர்தான். கூட்டமாகப் பார்த்தால் சாகாவரம் வாங்கி வந்ததுபோலத் தெரியும். சர்க்கரை இருக்கும்வரை பெருகிக்கொண்டே போகும். ஆனால் அந்தக் கூட்டத்திலிருந்து ஒற்றைச் செல்லைப் பிரித்து, அதன் பின்னாலேயே போனால் கதை வேறு. அது மொட்டு விட்டு ஒரு மகளை ஈனும். பிறகு இன்னொன்று, அப்புறம் இன்னொன்று. ஏறத்தாழ இருபத்தைந்து பிள்ளைகள் ஆனதும் தளர்ந்து, பிளவுறுவதை நிறுத்தி, செத்துப்போகும்.

இதை முதலில் எண்ணிக் காட்டியவர்கள் கலிபோர்னியாவின் பெர்க்லியில் இருந்த ராபர்ட் மார்ட்டிமரும் ஜான் ஜான்ஸ்டனும். ஆண்டு 1959. ஒவ்வொரு பிரசவமும் தாய்ச்செல்லின் சுவரில் ஒரு வட்ட வடுவை விட்டுச் செல்கிறது. வடுக்கள் நிறைந்து இடமில்லாமல் போவதால்தான் சாகிறதோ என்று சிலர் நினைத்தார்கள். அந்த விளக்கம் நிற்கவில்லை. வயதாவது தாய்க்கு மட்டும்தான் என்பது இன்னும் பெரிய புதிர். பத்தாவது பிள்ளையும் முதல் பிள்ளையைப் போலவே முழு ஆயுளோடு பிறக்கிறது. மிகவும் கிழடான தாய்க்குப் பிறக்கும் கடைசிப் பிள்ளைகளுக்குத்தான் ஆயுள் குறைகிறது.

எண்ணும் முறை அன்றைக்கும் கடினம், இன்றைக்கும் பெரும்பாலும் கடினம். நுண்நோக்கியின் கீழே, தலைமுடியைவிட மெல்லிய கண்ணாடி ஊசியால், மகள் செல்லைத் தாயிடமிருந்து பிரித்து ஓரமாக நகர்த்த வேண்டும். ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு பிரசவம். இரவானால் தட்டைக் குளிர்ப்பெட்டியில் வைத்துச் செல்களை உறங்கப் போட்டுவிட்டு, காலையில் எடுத்து மறுபடி எண்ண வேண்டும். ஒரு வகை ஈஸ்டின் சராசரி ஆயுளைச் சொல்வதற்கு இப்படிப் பல பத்துச் செல்களை, அவை சாகும்வரை பின்தொடர வேண்டும். ஆய்வு மாணவர்களின் கண்ணையும் கழுத்தையும் வாங்கும் வேலை.

இந்த வேலையிலிருந்து கிளம்பிய சில வரிகள்தான் இன்று 'இளமை காக்கும்' மாத்திரைப் புட்டிகளின் மேல் ஒட்டப்பட்டிருக்கின்றன. ரெஸ்வெரட்ரால், என்.எம்.என். என்றெல்லாம் பெயர் போட்டு இணையக் கடைகளில் விற்கும் குப்பிகளை ஆயிரக்கணக்கில் ரூபாய் கொடுத்து வாங்குகிறவர்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள். அவற்றின் குலமரபைத் தேடிப்போனால் அமெரிக்காவின் ஓர் ஈஸ்ட் ஆய்வுக்கூடத்தில்தான் போய் முடியும். அங்கே முதலில் சொன்னது ஊருக்கே தெரிந்தது. அதே கூடத்தில் வளர்ந்தவர்கள் பிறகு சோதித்துச் சொன்னதோ பலர் காதுக்கு எட்டவே இல்லை. இந்த இரண்டாவது பாதியைச் சொல்ல மேட் கேபர்லைனின் ஆய்வு வாழ்க்கையைவிடப் பொருத்தமான உதாரணம் கிடையாது.

கேபர்லைன் 1990களின் பிற்பகுதியில் எம்.ஐ.டி.யில் லெனார்ட் குவாரெண்டேயிடம் முனைவர் பட்ட மாணவர். குவாரெண்டே அடிப்படையில் மரபணுக்கள் எப்படி இயங்குகின்றன என்பதை ஆராய்ந்தவர். 1991இல் பிரையன் கென்னடி, நிக்கனோர் ஆஸ்ட்ரியாகோ என்ற இரு மாணவர்கள் முதுமையை ஆராயலாம் என்று கிளம்பியபோது அவர் தடுக்கவில்லை. அந்தக் காலத்தில் முதுமை என்பது மரியாதையுள்ள உயிரியலாளர்கள் தொடத் தயங்கிய துறை. (ஆஸ்ட்ரியாகோ பின்னாளில் டொமினிக்கன் சபையில் சேர்ந்து கத்தோலிக்கப் பாதிரியார் ஆகிவிட்டார், மூப்பைப் பற்றிய கேள்வி ஒருவரை எங்கெல்லாம் கொண்டுபோகும் என்று யாருக்குத் தெரியும்!) பட்டினியையும் குளிரையும் தாங்கும் ஈஸ்ட் வகைகள் கூடுதல் காலம் வாழக்கூடும் என்ற ஊகத்தில் தேடியவர்களுக்கு, மரபணுக்களை அமைதிப்படுத்தும் 'சர்' என்ற குடும்பம் சிக்கியது. 1995இல் முதல் கட்டுரை வந்தது.

1997இல் அதே கூடத்தில் டேவிட் சின்க்ளேர் ஒரு காரணத்தைக் காட்டினார். ஈஸ்டின் பன்னிரண்டாவது குரோமோசோமில் ஒரே டிஎன்ஏ வரிசை நூறு முதல் இருநூறு முறை அடுத்தடுத்து வருகிறது. அதிலிருந்து எப்போதாவது ஒரு துண்டு கழன்று வட்டமாகிவிடும். செல் பிளவுறும்போதெல்லாம் அந்த வட்டமும் நகலாகும். நகல்கள் மகளிடம் போகாமல் பெரும்பாலும் தாயிடமே தங்கும். கடைசியில் வட்டங்கள் நூற்றுக்கணக்கில் குவிந்து தாயை முடித்துவிடுகின்றன. சர்-2 என்ற மரபணு அந்தக் கழல்தலைக் கட்டுப்படுத்துகிறது. 1999இல் கேபர்லைனும் மிட்ச் மெக்வேயும் சர்-2க்கு ஒரு பிரதி கூடுதலாகக் கொடுத்துப் பார்த்தார்கள். ஆயுள் சுமார் 30 சதவீதம் கூடியது. அந்த மரபணுவை நீக்கினால் ஆயுள் ஏறக்குறையப் பாதியானது. மறு ஆண்டே, ஷின்-இச்சிரோ இமாய் சர்-2 வேலை செய்ய என்.ஏ.டி. என்ற மூலக்கூறு வேண்டும் என்று கண்டார். செல்லின் ஆற்றல் வரவு செலவில் இடைவிடாது புழங்கும் மூலக்கூறு அது. அதே 2000இல், சர்க்கரையை இரண்டு சதவீதத்திலிருந்து அரை சதவீதமாகக் குறைத்தால் ஈஸ்ட் நெடுநாள் வாழ்கிறது, சர்-2 இல்லாவிட்டால் அந்தப் பலன் கிடைப்பதில்லை என்றது இன்னொரு கட்டுரை.

கதை கச்சிதமாகக் கூடிவந்தது. அரை வயிறு சாப்பிட்டால் எலிகள் நெடுநாள் வாழ்வது 1930களிலிருந்தே தெரிந்த விஷயம். அதற்குக் காரணமான விசை இதோ, ஒற்றை மரபணு! ஈஸ்டில் இருப்பதற்கு மனிதரிடம் ஏழு உறவினர்கள் வேறு. 2003இல் ஹார்வர்டுக்குப் போயிருந்த சின்க்ளேரும் உடன் ஆய்வாளர்களும் சிவப்புத் திராட்சையில் இருக்கும் ரெஸ்வெரட்ரால் இந்த விசையைத் தூண்டுகிறது, ஈஸ்டின் ஆயுளை 70 சதவீதம் நீட்டுகிறது என்று அறிவித்தார்கள். வைன் குடிப்பவர்களுக்கு அதைவிட இனிய செய்தி ஏது? அடுத்த ஆண்டு சர்ட்ரிஸ் என்ற நிறுவனம் பிறந்தது. 2008இல் கிளாக்ஸோ ஸ்மித்கிளைன் அதை 72 கோடி டாலருக்கு வாங்கியது.

கேபர்லைன் இதற்குள் சியாட்டிலில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இருந்தார். கென்னடியும் அங்கேதான். இருவருமே சர் குடும்பத்தின் வழியாகப் பெயர் பெற்றவர்கள். அந்தக் கதை வளர வளர அவர்கள் மதிப்பும் வளரும். ஆனாலும் ஒரு சங்கடமான கேள்வியை எடுத்துக்கொண்டார்கள். சர்-2 நீக்கப்பட்ட ஈஸ்ட், சர்க்கரையைக் குறைத்தும் கூடுதலாக வாழவில்லை என்றால், காரணம் என்ன? சர்க்கரைக் குறைப்பு சர்-2 வழியாகத்தான் வேலை செய்கிறது என்பது ஒரு பதில். அந்த வட்டங்கள் குவிந்து ஈஸ்ட் அகாலத்தில் செத்துவிடுவதால், சர்க்கரைக் குறைப்பின் பலன் தெரிய அவகாசமே இல்லை என்பதும் ஒரு பதிலாக இருக்கலாம். இரண்டையும் பிரிக்க வழி இருந்தது. ஃபாப்-1 என்ற இன்னொரு மரபணுவையும் சேர்த்து நீக்கினால் வட்டங்கள் உருவாவது வெகுவாகக் குறையும். அப்படிச் செய்துவிட்டுச் சர்க்கரையைக் குறைத்தார்கள். சர்-2 இல்லாத ஈஸ்ட் நன்றாகவே நெடுநாள் வாழ்ந்தது. 2004இல் கட்டுரை வெளிவந்தது.

இங்கே நுணுக்கமாகப் பார்க்க வேண்டும். 1999இல் கேபர்லைன் கண்டது விழவில்லை. கூடுதல் சர்-2 ஈஸ்டின் ஆயுளை நீட்டும் என்பது இன்றும் நிற்கிறது. விழுந்தது, பட்டினிக்கும் சர்-2க்கும் போடப்பட்டிருந்த முடிச்சு. அந்த முடிச்சை வைத்துத்தான் மருந்துக் கனவு கட்டப்பட்டிருந்தது. குவாரெண்டே தரப்பு அதை ஏற்கவில்லை. எந்த வகை ஈஸ்ட், எவ்வளவு சர்க்கரை என்பதிலெல்லாம் வாதம் நடந்தது. ஒரே கூடத்துப் பிள்ளைகள் இரண்டு அணியானார்கள்.

அடுத்த ஆண்டு ரெஸ்வெரட்ராலின் முறை. 2003 சோதனையில் நொதியின் வேகத்தை அளக்க, அது வேலை செய்யும் புரதத் துண்டில் ஒளிரும் சாயம் ஒன்றை ஒட்டியிருந்தார்கள். வேகம் கூடினால் ஒளி கூடும். சியாட்டில் குழுவும், தனியாக விஸ்கான்சினில் ஜான் டெனுவின் குழுவும் அந்தச் சாயத்தை எடுத்துவிட்டு அளந்தார்கள். ரெஸ்வெரட்ரால் ஒன்றுமே செய்யவில்லை. எடை கூடியது தராசுத் தட்டின் அடியில் ஒட்டியிருந்த புளியால். ஆனால் இங்கே யாரும் வேண்டுமென்று ஒட்டவில்லை, ஒட்டியிருப்பது தெரியாமலே நிறுத்துவிட்டார்கள். சியாட்டில் குழு மூன்று வகை ஈஸ்டுகளில் ரெஸ்வெரட்ராலைப் போட்டு ஆயுளையும் எண்ணிப் பார்த்தது. நீளவில்லை.

கவனிக்க வேண்டிய தேதி ஒன்று இங்கே இருக்கிறது. சாயத்தின் குட்டு 2005இல் வெளிப்பட்டுவிட்டது. 72 கோடி டாலர் கைமாறியது 2008இல். இடைப்பட்ட மூன்று ஆண்டுகளில் பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் எதைக் கொண்டாடின என்பதை அந்தக் காலத்துத் தலைப்புகளைப் புரட்டினால் தெரியும். 2010இல் ஃபைசர் நிறுவன ஆய்வாளர்களும் சர்ட்ரிஸின் சேர்மங்கள் நேரடியாகத் தூண்டுவதில்லை என்று எழுதினார்கள். அதே ஆண்டு, ரெஸ்வெரட்ராலை மருந்தாக்கும் முயற்சியைக் கிளாக்ஸோ கைவிட்டது. புற்றுநோயாளிகளிடம் நடந்த ஒரு சோதனையில் சிலருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருந்தது. 2013இல் சர்ட்ரிஸின் அலுவலகமும் மூடப்பட்டது.

சின்க்ளேர் பக்கத்து நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். சாயம் இல்லாமலும் சிலவகை இயற்கைப் புரதங்களில் தூண்டல் நிகழ்கிறது என்று 2013இல் அவர் குழு காட்டியது. சர்-2இன் உறவினரான சர்ட்-6 அதிகமாக இருந்த ஆண் சுண்டெலிகள் கூடுதலாக வாழ்ந்ததை 2012இல் இஸ்ரேலின் ஹயிம் கோஹன் குழு காட்டியது. ஆகவே இந்தக் குடும்பமே வெறும் மாயை என்று தூக்கிப்போடுவதும் அவசரம்தான். அதே வேளையில், 2011இல் லண்டனிலிருந்து வந்த கட்டுரை கடுமையானது. புழுவிலும் பழ ஈயிலும் சர்-2 ஆயுளை நீட்டுகிறது என்ற பழைய முடிவுகளை, மரபணுப் பின்னணியைச் சரிசெய்துவிட்டுத் திரும்பச் சோதித்தார்கள். நீட்சி காணாமல் போயிற்று.

கேபர்லைன் மறுப்பாளராகவே நின்றுவிட்டிருந்தால் அவர் கதை சுவாரசியமில்லாமல் முடிந்திருக்கும். பட்டினியின் பலன் சர்-2 வழியாக வரவில்லை என்றால் பிறகு எதன் வழியாக? ஊகத்தை விட்டுவிட்டு எண்ணத் தொடங்கினார்கள். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு மரபணு நீக்கப்பட்ட 564 ஈஸ்ட் வகைகளை எடுத்து, ஒவ்வொன்றின் ஆயுளையும் ஊசி முனையில் எண்ணினார்கள். நீண்ட ஆயுள் பெற்ற சிறுபான்மையில் பல, டோர் என்ற ஒரே பாதையைச் சுட்டின. சாப்பாடு இருக்கிறதா, வளரலாமா என்று செல்லுக்குச் சொல்லும் பாதை அது. 2005 நவம்பரில் 'சயின்ஸ்' இதழில் முடிவு வந்தது.

டோரின் பூர்வீகமும் ஈஸ்ட்தான். 1964இல் பசிபிக் நடுவே உள்ள ஈஸ்டர் தீவுக்குப் போன கனடா மருத்துவக் குழு ஒன்று மண் மாதிரிகளை அள்ளி வந்தது. அந்த மண்ணில் இருந்த பாக்டீரியாவிலிருந்து மான்ட்ரியல் நகரில் ஒரு மருந்தைப் பிரித்தெடுத்தவர் பஞ்சாபில் பிறந்த சுரேந்திரநாத் சேகல். தீவின் பூர்வப் பெயரான ராபா நூயியை வைத்து மருந்துக்கு ரபாமைசின் என்று பெயர். அவர் வேலை பார்த்த மருந்து நிறுவனம் ஆய்வை மூடியபோது அந்த நுண்ணுயிரைச் சேகல் தன் வீட்டு உறைபெட்டியில் வைத்துக் காப்பாற்றினார் என்பது துறையில் எல்லோரும் ரசித்துச் சொல்லும் செய்தி. அது உடலுக்குள் எதைப் பிடிக்கிறது என்பதை 1991இல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் ஜோசப் ஹைட்மன், ராவ் மோவ்வா, மைக்கேல் ஹால் மூவரும் ஈஸ்டை வைத்துக் கண்டுபிடித்தார்கள். அதுதான் டோர். 1999 முதல் ரபாமைசின் சிறுநீரக மாற்று சிகிச்சையில் பயன்படும் மருந்து.

ஆக, ஈஸ்டில் ஆயுளை நீட்டிய பாதையை அடக்க ஏற்கெனவே ஒரு மருந்து கையில் இருந்தது. அடுத்து எலி.

அமெரிக்காவில் மெய்ன், மிச்சிகன், டெக்சஸ் ஆகிய மூன்று இடங்களில், ஒரே மருந்தை ஒரே மாதிரி எலிகளுக்குக் கொடுத்து ஆயுளைப் பார்க்கும் அரசுத் திட்டம் ஒன்று உண்டு. யாருடைய மருந்தும் அங்கே போகலாம். முடிவை யாரும் வளைக்க முடியாதபடி மூன்று இடங்களிலும் தனித்தனியாக நடக்கும். ரபாமைசினைத் தீவனத்தில் கெடாமல் சேர்ப்பதில் சிக்கல் வந்து தாமதமானதால், தொடங்கும்போதே எலிகளுக்கு 600 நாள் வயதாகிவிட்டது. மனித ஆயுளில் சொன்னால் அறுபதை ஒட்டிய வயது. பலன் இருக்காது என்று நினைத்திருந்தால் குற்றமில்லை. 2009இல் முடிவு வந்தபோது, உச்சபட்ச ஆயுள் பெண் எலிகளில் 14 சதவீதமும் ஆண் எலிகளில் 9 சதவீதமும் கூடியிருந்தது. மூன்று இடங்களிலும். ரெஸ்வெரட்ராலும் அதே திட்டத்தில் சோதிக்கப்பட்டது. எலிகளின் ஆயுள் கூடவில்லை. என்.எம்.என். போலவே என்.ஏ.டி.யை உயர்த்தும் என்று விற்கப்படும் நிகோடினமைடு ரைபோசைடும் அங்கே தேறவில்லை.

புட்டி வாங்குகிறவர் கேட்க வேண்டிய கேள்வி இந்தத் திட்டத்திலேயே இருக்கிறது: யாருக்கும் லாபமில்லாத இடத்தில், ஒன்றுக்கு மேற்பட்ட கூடங்களில் இது தேறியதா? விளம்பரத்தில் ஒரு விஞ்ஞானியின் பெயரும் பல்கலைக்கழகத்தின் பெயரும் இருப்பது போதாது. ஹார்வர்டு, எம்.ஐ.டி. என்ற பெயர்கள் ரெஸ்வெரட்ராலுக்கும் இருந்தன. செய்தி எழுதுகிறவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. 'ஆயுளை 70 சதவீதம் நீட்டும்' என்று முதல் பக்கத்தில் போட்டவர்கள், மூன்று வகை ஈஸ்டில் நீளவில்லை என்பதை எந்தப் பக்கத்தில் போட்டார்கள்?

ரபாமைசின் தேறிவிட்டதால் அதை வாங்கி விழுங்கலாம் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. அது நோய் எதிர்ப்பைத் தணிக்கும் மருந்து. வாய்ப்புண், கொழுப்பு உயர்வு, காயம் ஆறுவதில் தாமதம் எல்லாம் பக்கவிளைவுகளில் உண்டு. மனிதரிடம் கிடைத்த சான்றும் கலவைதான். இதே வகை மருந்தைக் குறைந்த அளவில் எடுத்துக்கொண்ட முதியவர்களுக்கு ஃப்ளூ தடுப்பூசி கூடுதலாக வேலை செய்ததை 2014இல் ஜோன் மேனிக் குழு காட்டியது. அந்த நம்பிக்கையில் தொடங்கிய நிறுவனத்தின் பெரிய சோதனை, முதியவர்களின் சுவாசத் தொற்றைக் குறைக்கத் தவறி 2019இல் தோற்றது. கேபர்லைன் மனிதருக்குத் தாவாமல் நாய்களிடம் போனார். முதலில் சியாட்டிலில் வீட்டு நாய்கள் இருபத்துநான்கு, பத்து வாரம். முக்கியமாக, பாதுகாப்பாக இருக்கிறதா என்று பார்க்க. பிறகு பெரிய சோதனை. நாய் மனிதரோடு ஒரே வீட்டில், ஒரே காற்றில் வாழ்கிறது; அதற்கும் புற்று வரும், மூட்டு தேயும், நினைவு மங்கும். ஆனால் பத்துப் பதினைந்து ஆண்டில் விடை தெரிந்துவிடும்.

அவரும் 2023இல் பல்கலைக்கழகத்தை விட்டு, ஆரோக்கிய ஆயுள் தொடர்பான ஒரு நிறுவனத்தை நடத்தப் போய்விட்டார். மற்றவர்களுக்கு அவர் வைத்த அளவுகோலை இனி அவர் நிறுவனத்துக்கும் வைத்துப் பார்ப்பதுதான் முறை.

இதற்கிடையே ஈஸ்ட் ஆய்வு நின்றுவிடவில்லை. 2015இல் கேபர்லைனும் கென்னடியும் சேர்ந்து வெளியிட்ட கணக்கு மலைக்க வைக்கும்: ஒவ்வொரு மரபணுவாக நீக்கிய 4,698 வகை ஈஸ்டுகளை எண்ணி, அவற்றில் 238 கூடுதலாக வாழ்வதைக் கண்டார்கள். பத்தாண்டு ஊசி வேலை. அந்தப் பட்டியல் யாரும் எடுத்துப் பார்க்கலாம் என்று திறந்தே கிடக்கிறது. இப்படிப்பட்ட பட்டியலுக்குச் செலவிடும் பணம் வீண் என்று மானியக் குழுக்களில் பேச்சு எழுவதுண்டு. மாத்திரைக் கம்பெனிக்குப் போன 72 கோடி டாலரோடு ஒப்பிட்டால் ஈஸ்டை எண்ணுவதற்கு ஆன செலவு சில்லறை.

விற்க எதுவுமில்லாத கேள்விகளில்தான் இப்போது சுவையான வேலை நடக்கிறது. ஈஸ்ட் பட்டினி கிடந்தால் வித்துக்களை உருவாக்கும்; நம் கருமுட்டை, விந்தணு உருவாவதற்கு நிகரான செயல் அது. எம்.ஐ.டி.யில் ஆஞ்செலிகா ஆமோனும் எல்சின் ஊனலும் கிழட்டு ஈஸ்டை வித்துவிட வைத்துப் பார்த்தார்கள். பிறந்த வித்துக்களின் வயது பூஜ்யத்திலிருந்து தொடங்கியது. தாயின் மூப்பு எதுவும் கூட வரவில்லை. வித்தாக்கத்தை நெறிப்படுத்தும் என்டிடி-80 என்ற மரபணுவை மட்டும் கிழட்டுச் செல்லில் சிறிது நேரம் இயக்கிவிட்டு நிறுத்தினார்கள். வித்து உருவாகாமலே அந்தச் செல் கூடுதலாக வாழ்ந்தது. 2011இல் வந்த முடிவு இது. ஆமோன் 2020இல் புற்றுநோயால் இறந்துபோனார். பெர்க்லிக்குப் போன ஊனலின் குழு 2019இல் அடுத்த படியைக் கண்டது: வித்தாக்கத்தின்போது, திரண்டுபோன புரதங்களையும் அந்தப் பழைய டிஎன்ஏ வட்டங்களையும் உட்கருவின் ஒரு மூலையில் ஒதுக்கி, புதிய வித்துக்களுக்குள் போகவிடாமல் வெளியே தள்ளி, செல் அவற்றைச் செரித்துவிடுகிறது. சின்க்ளேர் 1997இல் காட்டிய அதே வட்டங்களை ஈஸ்ட் எப்படிக் கழித்துக்கட்டுகிறது என்பதுதான் அந்தக் குழு இப்போது தொடரும் கேள்விகளில் ஒன்று.